கைபடாத தட்டு

போன குளிர்காலத்தில் ஆர்டிஸை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆளுக்கொரு காபிக் கோப்பையோடு உட்கார்ந்து எல்லோரும் அவள் ஓட்டிய பள்ளிப் பேருந்தைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு பனி கொட்டினாலும் அவள் வண்டி வந்துவிடும் என்றார்கள். பின்சீட்டில் அடிதடி நடந்தால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அத்தோடு அடங்கிவிடும் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆர்டிஸை முழுசாகத் தெரிந்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான். ஜன்னலை ஒட்டி ஒரு கனத்த மரமேசை, அதன் விளிம்பில் திருகி முடுக்கிய கைப்பிடி வைத்த இரும்பு அழுத்துபொறி, ஒரு தராசு, மூலையில் மணல் நிரப்பிய பீப்பாய். அங்கே உட்கார்ந்துதான் அவள், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்து, தன் வீட்டு வேட்டைக்கு வேண்டிய தோட்டாக்களைக் கட்டினாள்.

மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் இந்த வேலை நடக்கும். பெரும்பாலும் ஆண்கள் செய்வது. ஆர்டிஸ் வீட்டிலும் கல்யாணமான முதல் வருஷம் அவள் புருஷன் லைல்தான் செய்தான். வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டே அவன் வெடிமருந்து அளப்பதை ஆர்டிஸ் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் அவன் கையிலிருந்த அளவுக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ போய் மாட்டைப் பாரு" என்றாள்.

அதோடு சரி. அதற்குப் பிறகு லைல் அந்த மேசைப்பக்கம் உட்காரவே இல்லை.

லைல் நல்லவன். ஆனால் பொறுமை என்பது அவனுக்கு எழுதி வைக்கவில்லை. கதவு இறுகினால் தோளால் இடிப்பான். டிராக்டர் இருமினால் உதைப்பான். துப்பாக்கியும் அவனுக்கு அப்படித்தான். விசையை அழுத்தி வெடிக்காமல் போனால், மறுமூச்சு விடுமுன், துப்பாக்கியின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டை இழுத்துத் திறந்து அடுத்ததைப் பார்ப்பான். "கொஞ்சம் காத்திரு" என்று ஆர்டிஸ் வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தாள்.

"உன் தோட்டா என்னைக்கு வெடிக்காம போச்சு, காத்திருக்கிறதுக்கு?" என்பான் அவன். அது உண்மைதான். அவள் தோட்டா ஒருநாளும் வெடிக்காமல் போனதில்லை.

போகாமல் இருந்ததற்குக் காரணம் பிரைமர்தான். தோட்டாவின் அடியில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக ஒரு உலோக மூடி பதிந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தும்போது எழும் பொறிதான் உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடலாம், நிறுத்துவிடலாம். பிரைமர் நல்லதா கெட்டதா என்பது வெடிக்கவைத்தால்தான் தெரியும். வெடிக்கவைத்தபின் அது இல்லை. அதனால் ஆர்டிஸ் புதுப்பெட்டி பிரித்தால், ஒவ்வொரு தட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து, மருந்தும் குண்டும் இல்லாத வெறும் பித்தளைக் கூடுகளில் பதித்து, மணல் பீப்பாயை நோக்கிச் சுட்டுப் பார்ப்பாள். பட்டாசுபோல ஒரு சத்தம் வரும். எல்லாச் சத்தமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மந்தமாகக் கேட்டாலும் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுவாள்.

லைலுக்கு அறுபது ஆன வருஷம் பிரைமருக்குப் பஞ்சம் வந்தது. எந்தக் கடையிலும் இல்லை. வந்தாலும் மதியத்துக்குள் அலமாரி காலியாகிவிடும். பக்கத்து ஊர் ஆட்கள் இருட்டோடு வந்து கடை வாசலில் நிற்பதாகச் சொன்னார்கள். கோடையில் ஓடைக்கரை வீட்டு கஸ் டோலெஃப்சன் இறந்து, அவருடைய பிள்ளைகள் சாமான்களை வெளியே போட்டு விற்றார்கள். ஆர்டிஸ் சோபாவைப் பார்க்கவில்லை, பாத்திரங்களைப் பார்க்கவில்லை. நேரே நிலவறைக்கு இறங்கி ஒரு பெட்டி பிரைமரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தாள்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம் அந்தப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே பத்துத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேல்தட்டிலிருந்து எடுத்துச் சுட்டாள். சத்தங்கள் மணிமணியாக வந்தன. வழக்கமாக அடுத்த தட்டையும் அதற்கடுத்ததையும் திறப்பவள், அன்று கையை நிறுத்திக்கொண்டாள். பஞ்சகாலத்தில் பிரைமரை மணலுக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரே பெட்டி, ஒரே கம்பெனி, ஒரே நாளில் செய்தது. போதும் என்று தோன்றிவிட்டது.

பிறகு லைலுக்குத் தோட்டா கட்ட உட்கார்ந்தாள். மேல்தட்டு திறந்து பாதி காலியாக இருந்தது. அதைத் தனக்கென்று ஒதுக்கினாள். கடையில் பொருள் எடுக்கும்போது மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியிலிருந்து உருவுவோமே, அப்படி, யார் கையும் படாத அடித்தட்டை லைலுக்காக உருவினாள். அவனுக்கு நல்லதைக் கொடுக்கிறோம் என்ற நினைப்புதான்.

வெள்ளிக்கிழமை டுவெய்ன் தன் பிக்கப் வண்டியோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தான். டுவெய்ன் பக்கத்துப் பண்ணைக்காரன். லைலும் அவனும் சேர்ந்துதான் ஒவ்வொரு வருஷமும் மலையில் கூடாரம் போடுவார்கள்.

"ஆர்டிஸ், இந்த மனுஷனை நான் திருப்பிக் கொண்டு வரணுமா, அங்கேயே விட்டுட்டு வரணுமா? இப்பவே சொல்லிடு."

"கொண்டு வா. வெறகு இன்னும் பொளந்து முடிக்கல" என்றாள் ஆர்டிஸ். ஒரு தோட்டாப் பெட்டியை அவனிடமும் நீட்டினாள். "உன் துப்பாக்கியும் அதே அளவுதானே, எடுத்துக்கோ."

டுவெய்ன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "தப்பா எடுத்துக்காத அம்மணி. உன் சூப்பைக் குடிப்பேன், உன் காபியைக்கூடக் குடிப்பேன். அடுத்தவங்க கட்டின தோட்டாவை மட்டும் தொடமாட்டேன்."

"காபிக்கு என்ன குறைச்சல்?"

"அதை மலையேறின பிறகு சொல்றேன்" என்று அவன் வண்டியைக் கிளப்பினான். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. புருஷன் பெண்டாட்டி தவிர யாரும் ஒருவர் கட்டியதை மற்றவர் சுடமாட்டார்கள்.

சனிக்கிழமை வேட்டை தொடங்கியது. முற்பகலில் ஆர்டிஸின் தங்கை மாவிஸ் வந்தாள். கொட்டகையில் சின்ன மின்னடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் காதில் போட்டுக்கொண்டும் போட்டுக்கொள்ளாமலும் தன் தோட்டாக்களைத் தொடங்கினாள். பாதித்தட்டு போதாது என்று பெட்டியின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதன் காகித உறை ஓரத்தில் லேசாக அலையடித்திருந்தது. ஈரம் பட்டுக் காய்ந்த காகிதம் அப்படித்தான் இருக்கும்.

அவள் கை நின்றது.

"இந்தப் பெட்டி டோலெஃப்சன் வீட்டுது" என்றாள், யாருக்கும் சொல்லாததுபோல.

"அந்த வீடா! வசந்தத்துல ஓடை பொங்கினப்ப நிலவறையில முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சே, உனக்குத் தெரியாதா?" என்றாள் மாவிஸ். "அந்தப் பசங்க ஒண்ணுவிடாம தொடைச்சுக் காயவச்சு வித்துட்டானுங்க. நான் ஒரு தலையணை வாங்கினேன், இன்னிக்கு வரைக்கும் தவளை நாத்தம்."

ஆர்டிஸ் ஒரு பிரைமரைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே முக்காலி மாதிரி நிற்கும் சின்னத் தகட்டின் கால்களில் பச்சை படர்ந்திருந்தது. அடுத்ததிலும். அடுத்ததிலும். லைலுக்குக் கட்டிய ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் இது கண்ணில் பட்டிருக்கவில்லை. மேல்தட்டை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை, பளபளவென்று இருந்தது. தண்ணீர் அடித்தட்டுகள் வரைதான் ஏறியிருக்கிறது.

"மாவிஸ், காதை மூடிக்கோ" என்றாள்.

பச்சை படர்ந்தவற்றை வெறும் கூட்டில் பதித்து, துப்பாக்கியில் இட்டு, மணல் பீப்பாய்க்கு நேரே பிடித்து அழுத்தினாள். டக் என்ற சத்தம் மட்டும் வந்தது. காத்திருந்தாள். ஒன்றுமில்லை. மாற்றி இன்னொன்று. அதுவும் டக். மூன்றாவதும் டக். மாவிஸ் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னடி, எல்லாம் செத்துப்போச்சா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

துப்பாக்கி வெடித்தது.

மாவிஸ் வாளியோடு சரிந்தாள். ஆர்டிஸ் அசையவில்லை. குழல் இன்னும் பீப்பாயை நோக்கியே இருந்தது. செத்ததாக நினைத்தது மூச்சை இழுத்துப் பிடித்து வைத்திருந்து, பிந்தி வெடித்திருக்கிறது. வெறும் பிரைமர் என்பதால் மணலில் கொஞ்சம் புகை. அதே பிரைமர் மருந்து நிறைந்த தோட்டாவின் அடியில் இருந்து, அந்த இடைவெளியில் ஒருவன் போல்ட்டை இழுத்துத் திறந்திருந்தால், வெடிப்பு முன்னால் போகாது. பின்னால், திறந்த வழியாக, அவன் முகத்துக்கு வரும்.

"லைலோடது இதே பெட்டிதானே?" என்றாள் மாவிஸ் தரையிலிருந்தே. இப்போது அவள் குரலில் சிரிப்பில்லை.

"அடித்தட்டு" என்றாள் ஆர்டிஸ். "ரொம்ப அடியில இருந்த தட்டு."

மலையில் போன் எடுக்காது. வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லச்சொல்லி மாவிஸை வீட்டுப் போனுக்கு அனுப்பிவிட்டு, ஆர்டிஸ் தன் வண்டியை எடுத்தாள். தொடக்க நாளன்று வனக்காவலர்கள் எந்தச் சோதனைச்சாவடியில் எத்தனை பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பார்களோ, அவர்களை நம்பி உட்கார முடியாது.

மண் ரோடு முழுக்க முதல் பனி. பேருந்தை இதைவிட மோசமான பாதையில் ஓட்டியவள் அவள். ஆனால் பேருந்தில் அவள் ஒருநாளும் வேகமாகப் போனதில்லை. அன்று ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியின் வால் வழுக்கியது. ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினாள். முகம் விறைத்தாலும் பரவாயில்லை, மலைச்சத்தம் காதில் விழ வேண்டும்.

பாதி வழியில் எங்கோ உயரத்தில் ஒரு வெடிச்சத்தம் உருண்டு வந்தது. அது ஒழுங்காக வெடித்த சத்தமா, யாருடையது, என்று காது நீட்டிக்கொண்டே ஓட்டினாள். ஒரே வெடி என்றால் மான் விழுந்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்படுவோம். அன்று அந்த ஒற்றைச் சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது. விழுந்தது மானாக இருக்க வேண்டுமே.

பாதை முடிகிற இடத்தில் டுவெய்னின் பிக்கப் நின்றது. அங்கிருந்து நடைதான். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். கூடாரத்துக்கு முன்னால் டுவெய்ன் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாணலியைக் காட்டினான்.

"புருஷன் இல்லாம ஒரு ராத்திரிகூடத் தாங்கலையா? வா, சாப்பிடு."

"இப்ப சுட்டது யாரு?"

"அது அந்தப் பக்கத்து மலை. எவனோ. ஏன், என்ன ஆச்சு?"

"லைல் எங்க?"

அவள் முகத்தைப் பார்த்து டுவெய்ன் கரண்டியைக் கீழே வைத்தான். "காலையில ஒரு பெரிய எல்க் மானோட தடம் கிடைச்சுது. அதைப் பிடிச்சுக்கிட்டே ஏறிட்டான். வடக்குச் சரிவு. என் முட்டிக்கு ஆகாதுன்னு நான் வரல. ஆர்டிஸ், என்னன்னு சொல்லிட்டுப் போ..."

அவள் போய்விட்டாள்.

பனியில் தடம் தெளிவாக இருந்தது. முன்னால் எல்க்கின் பிளந்த குளம்பு. அதன்மேல் லைலின் பூட்ஸ். இடது கால் கொஞ்சம் வெளியே திரும்பி விழும், அவளுக்கு அதை எங்கே பார்த்தாலும் தெரியும். ஓரிடத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். ஓரிடத்தில் காலடிகள் சிறுத்திருந்தன. மெதுவாக, பதுங்கி நடந்திருக்கிறான். அப்படியென்றால் மான் பக்கத்தில்தான். அவள் ஓட முயன்றாள். முழங்கால் வரை பனி. ஊன்றிய கால் உள்ளே போனது, எடுத்த கால் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். ஒரு சரிவு தள்ளி இருந்தாலும் மரங்கள் சத்தத்தை விழுங்கிவிடும். கேட்காத இடத்தில் கத்தி மூச்சை வீணாக்குவதைவிட ஏறுவது மேல்.

முகட்டைத் தாண்டியதும் பார்த்துவிட்டாள். ஒரு பள்ளத்துக்கு அந்தப்புறம், விழுந்த மரத்தின்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, லைல் ஒரு முழங்காலில் இருந்தான். அவனுக்கு முன்னால், ஊசியிலை மரங்களின் இடுக்கில், கொம்போடு ஒரு பழுப்பு நிறம் நின்றது. அவன் கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்துவிட்டான்.

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். ஏறி வந்த மூச்சு நெஞ்சை அடைத்து, காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். அதற்குள் லைலின் தோள் இறுகுவது தெரிந்தது. வெடி இல்லை. துப்பாக்கி உதைக்கவில்லை. லைல் கன்னத்தை எடுத்துத் துப்பாக்கியைப் பார்த்தான். அவனுடைய வலதுகை விசையிலிருந்து எழுந்து போல்ட்டின் குமிழைப் பிடித்தது.

"லைல்! கையை எடு!"

எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். பேருந்து ஓடும்போது எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரவைக்கிற குரல் அது. லைல் அறுபது வயது மனிதன். அவனும் சூடு பட்டவன்போல வெடுக்கென்று கையை எடுத்தான்.

துப்பாக்கி வெடித்தது.

குண்டு மேலே எங்கோ ஒரு கிளையை முறித்துக்கொண்டு போனது. எல்க் இருந்த இடத்தில் பனித்தூள் மட்டும் பறந்தது. மலை அந்தச் சத்தத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டு உருட்டி ஓய்ந்தது.

அவள் பள்ளத்தில் இறங்கி ஏறி அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோதும் அவன் அதே முழங்காலில் இருந்தான். வலதுகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திறக்காத அந்தப் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போல்ட்டைத் தொடாத" என்றாள்.

"அதான் வெடிச்சிடுச்சே, ஆர்டிஸ்."

"தெரியும். இருந்தாலும் தொடாத."

அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண், இன்னொரு கண், நெற்றி, தாடை என்று தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.  அப்படியே பனியில் உட்கார்ந்தாள். லைல் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் காபி ஊற்றினான். அதை அவளிடம் நீட்டினான்.

அவள் சொன்னாள். தண்ணீர் நின்ற நிலவறை, மேல்தட்டு, அடித்தட்டு, சோதிக்காமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னாள்.  

"நல்லதா இருக்கட்டும்னு உனக்கு அதை எடுத்தேன்" என்றாள் கடைசியில்.

"பெரிய கொம்பு" என்றான் அவன், மரங்களைப் பார்த்து. "நீ பார்த்தியா?"

"நான் உன் கையைத்தான் பார்த்தேன்."

மிச்சத் தோட்டாக்களை அவன் ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுத்தான். மேல்சட்டைப்பையில் கிடந்த ஒன்றையும் துழாவி எடுத்துக் கொடுத்தான். இறங்கும்போது அவன் முன்னால் போய் அவளுக்குப் பனியை மிதித்து வழி செய்தான். கூடாரத்தின் புகை கண்ணில் பட்டதும் நின்றான்.

"டுவெய்ன் கேட்டா நான் குறி தவறிட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத. சொன்னா, பனி உருகுற வரைக்கும் ஊரெல்லாம் இதையே பேசுவானுங்க."

ஆர்டிஸ் அவனைத் தாண்டி நடந்தாள்.

டுவெய்ன் பாதி வழிக்கு நொண்டிக்கொண்டே எதிரே வந்துவிட்டிருந்தான். லைலை மேலும் கீழும் பார்த்தான். "முழுசா இருக்கான். அப்புறம் என்ன வெடி அது? மான் எங்க?"

"அது வந்து, கொஞ்சம் காத்து..." என்று லைல் தொடங்கினான்.

"தோட்டா என்னோடது" என்றாள் ஆர்டிஸ். "நனைஞ்ச பிரைமர். சோதிச்சுப் பார்க்காம கட்டிட்டேன். அடிச்ச பிறகு நின்னு, பிந்தி வெடிச்சுது. இவன் கை போல்ட்டுல இருந்துச்சு. உன் வீட்டுலயும் டோலெஃப்சன் பெட்டி ஏதாவது இருந்தா தூக்கிப் போட்டுடு. வாங்கின எல்லார்கிட்டயும் இன்னிக்கே சொல்லணும். நான் கீழ போய் ஒவ்வொரு வீடா சொல்லப்போறேன்."

 பெரியதாக ஏதோ கேலி வரப்போகிறது என்று லைல் தலையைக் குனிந்துகொண்டான். டுவெய்ன் திரும்பிப் போய், ஆறிப்போன இறைச்சியை மறுபடி அடுப்பில் வைத்து, ஒரு தட்டில் போட்டு, முதலில் அவளிடம் கொடுத்தான்.

அவள் நின்றபடியே தின்றாள். பொழுது சாய்வதற்குள் கீழே இறங்க வேண்டும்.

"சீசன் முடிய இன்னும் வாரக்கணக்குல இருக்கு" என்றான் லைல், வண்டிவரை கூடவே வந்து. "வேற பிரைமர் கிடைச்சா, எனக்குக் கட்டி வை."

"வேண்டாம். இந்த வருஷம் கடையில வாங்கிக்கோ."

"கடைக்காரன் கட்டினதா?"

"அவங்க மெஷின்ல செய்யறாங்க. ஒவ்வொண்ணையும் பார்க்கறாங்க."

லைல் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தான். அது இறுகிக்கொண்டிருந்தது. தோளால் இடிக்கப்போனவன், நிறுத்தி, மெதுவாக இழுத்தான்.

"அந்தக் கடைக்காரன் எனக்குப் பின்னாடி மலை ஏறி வருவானா?" என்று கேட்டான்.